மாட்டின் விலாவில் என் நம்பர்

வாத்தியாரின் வலது கன்னத்தை வழித்து முடித்து இடது கன்னத்துக்கு வந்தபோது முதல் போன் வந்தது.

"அண்ணே, உங்க மாடு நடுரோட்டுல நிக்குது. ஒரு காது பாதிதான் இருக்கு. என் லாரி காலியாத்தான் போகுது, ஏத்திக்கவா?"

எனக்கு மாடும் இல்லை, கன்றும் இல்லை. இருப்பது இரண்டு நாற்காலி, ஒரு கண்ணாடி, ஒரு டிவி. ராங் நம்பர் என்று சொல்லி வைத்தேன். வைக்கும்போது கூடவே ஒரு வசவும் போட்டேன், அதை மறைப்பானேன். கையில் கத்தி இருக்கும்போது என்னோடு யாரும் விளையாடக் கூடாது.

வாத்தியார் கண்ணைத் திறக்காமலே சிரித்தார். "மாட்டு வியாபாரம் எப்பய்யா ஆரம்பிச்ச?"

சுவரில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. அதில் மலை எரிந்துகொண்டிருந்தது. மூன்று நாளாக அதே படம்தான். இங்கிருந்து நாலு மணி நேரப் பயணம். ஆனாலும் புகை வாடை கடைக்குள் வந்து பவுடர் வாடையை அமுக்கிவிட்டது. வருகிறவர்கள் கேட்கிறார்களே என்றுதான் சத்தத்தைக் கூட்டி வைத்திருந்தேன். மற்றபடி எனக்கென்ன வந்தது.

இரண்டாவது போன். பெட்ரோல் பங்கில் வேலை பார்க்கிற பெண்.

"சார், உங்க மாடு ரெண்டு இங்க காத்தடிக்கிற இடத்துல வந்து நிக்குது. விரட்டினா நகர மாட்டேங்குது."

என் நம்பரை உனக்கு யாரம்மா கொடுத்தது என்று எரிந்து விழுந்தேன்.

"மாட்டு மேலயே எழுதியிருக்கே சார். விலாவுல, சிவப்பு பெயின்ட்ல. ஒவ்வொரு ஏழுக்கும் குறுக்க ஒரு கோடு வேற."

கத்தி அப்படியே நின்றது.

ஏழுக்குக் குறுக்கே கோடு போடுகிற ஆள் எனக்குத் தெரிந்து ஒருத்திதான். இல்லாவிட்டால் ஒன்று என்று படித்துவிடுவார்களாம். பள்ளிக்கூடத்தில் ஆரம்பித்த பிடிவாதம்.

என் அக்கா. அந்த மலையடியில் மாடுகளை வைத்துக்கொண்டு தனியாக இருப்பவள்.

மாமா செத்த மூன்றாம் மாதம், அவளை ஒரு வார்த்தை கேட்காமல் மாடுகளுக்கு விலை பேசி, வாங்குகிற ஆளையும் கையோடு கூட்டிக்கொண்டு போனேன். நல்லதுக்குத்தான் செய்தேன். அவள் அந்த ஆளுக்கு முன்னாலேயே போனை எடுத்து என் நம்பரை அழித்தாள். இனிமேல் நீ யாரோ நான் யாரோ என்றாள்.

ஆறு வருஷம் ஆகிறது. நானும் லேசுப்பட்டவன் இல்லை. என் போனில் அவள் பெயரை எடுத்துவிட்டு 'எடுக்காதே' என்று போட்டு வைத்தேன். கூப்பிட்டால்தானே எடுக்காமல் இருப்பதற்கு? ஒரே ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை, கிராதகி.

'எடுக்காதே'வை அழுத்தினேன். தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாகச் சொன்னது.

மூன்றாவது போன் செக்போஸ்ட் போலீஸ்காரரிடமிருந்து. மூன்று மாடு வந்திருக்கிறதாம். வண்டி கிடைக்காதவர்கள் இப்படித்தான் நம்பரை எழுதி அவிழ்த்து விடுகிறார்களாம். அந்தப் பக்கம் டவரே எரிந்துவிட்டதால் வெளியூர் நம்பராக எழுதுகிறார்களாம்.

"மாட்டுக்காரம்மா எங்க சார்?"

"மாடுதான் வந்துச்சு."

வாத்தியாரின் இடது கன்னத்தில் நுரை காய்ந்து வெள்ளையாக ஒட்டிக்கொண்டிருந்தது. "எனக்கொண்ணும் அவசரமில்ல. நீ போனைப் பாரு" என்றார்.

கத்தியை மடக்கி வைத்தேன். பயந்துவிட்டேன், வேறென்ன சொல்ல. மூன்று நாள் டிவியைப் பார்த்துக்கொண்டு வீறாப்பாக உட்கார்ந்திருந்த என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

நாலாவது போன். சின்னப் பெண் குரல். ஆட்களைக் கொண்டுவந்து தங்கவைத்திருக்கிற பள்ளிக்கூடத்திலிருந்து பேசுகிறதாம்.

"இந்த நம்பர் ஒரு அம்மாவோட கையில பெயின்ட்ல எழுதியிருக்கு. நீங்க அவங்களுக்கு யாரு?"

வாயில்லாத ஜீவன் என்று மாட்டுக்கு எழுதலாம். ஊரையே வாயால் அடக்குகிற என் அக்கா தன் கையில் எதற்கு எழுதிக்கொள்வாள் என்று எனக்குப் புரிந்தது.

தம்பி என்றேன். இன்னொரு தடவை சொன்னேன்.

"இருங்க, அவங்ககிட்டயே குடுக்கறேன்."

முதலில் இருமல் வந்தது. நீளமான, வறட்டு இருமல். அவ்வளவு நல்ல சத்தத்தை நான் கேட்டதே இல்லை.

"எத்தனை மாடுடா போன் பண்ணுச்சு?"

"அஞ்சுக்கா." வாத்தியாருக்கு முன்னால் அழுதேன். "என் நம்பரைத்தான் அழிச்சிட்டியே?"

"போன்ல இருந்துதானேடா அழிச்சேன்." மறுபடியும் இருமினாள். "அரைக்காது வந்துட்டாளா? கன்னு போடுற மாசம் அவளுக்கு. அவளைத்தான் முதல்ல அவுத்து விட்டேன்."

லாரிக்காரன் சொன்ன அந்தப் பாதிக் காதை நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை. இரு என்று சொல்லி வைத்துவிட்டு, வந்த நம்பர்களில் எல்லாவற்றுக்கும் அடியில் கிடந்ததை அழுத்தினேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் எடுத்தான்.

"யாரு?"

லாரி ஓடுகிற சத்தம் கேட்டது. அதற்குப் பின்னால், கொஞ்சம் தள்ளி, ஒரு மாடு கத்தியது.

"தம்பி, கொஞ்ச நேரம் முன்னாடி உன்னைத் திட்டினவன்தான் பேசறேன்" என்றேன். "அது எங்க மாடுதாம்ப்பா."