பதின்மூன்றாவது மெஷின்

ஆம்புலன்ஸ் அனுப்பும் மென்பொருளை முதலில் எழுதியவன் மேலாளரின் மைத்துனன், மனைவியின் தம்பி.

"அத்தான், மாசத்துக்கு ஒருமுறை ஒரு சர்வர் மெஷினை நாமளே வேணும்னு நிறுத்திப் பார்ப்போம். மத்ததெல்லாம் தாங்குதான்னு தெரிஞ்சுடும்" என்று அவன் கெஞ்சினான். "ஓடிக்கிட்டிருக்கறதுல எதுக்குக் கை வைக்கணும்?" என்று மேலாளர் தட்டிக்கழித்தார். ஒருநாள் எல்லாம் ஒரேயடியாகப் படுத்துக்கொண்டது. அவர் பழியைத் தூக்கி மைத்துனன் தலையில் போட்டார். வேலை போன மூன்றாம் மாதம் அவன் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தான்.

மறுவருடம் அதே சோதனையைத் தன் யோசனை என்று சொல்லி மேலாளரே தொடங்கிவைத்தார்.

"சார், நம்மகிட்ட பன்னிரண்டு மெஷின்தானே? சோதனைப் பட்டியல்ல பதின்மூணு இருக்கு" என்றாள் புதிதாகச் சேர்ந்த பொறியாளர். "கடைசிப் பேரு 'அத்தான்'னு இருக்கு."

மேலாளர் அவசரமாகச் சொன்னார்: "அழிச்சிடும்மா."

"மூணு தடவை அழிச்சேன் சார். திரும்ப வந்துடுது."

பதினொரு மணிக்கு சோதனை நிரல் அந்தப் பட்டியலிலிருந்து தானாகவே ஒன்றைத் தேர்ந்தெடுத்து நிறுத்தியது. பன்னிரண்டு மெஷின்களும் ஓடிக்கொண்டிருந்தன. ஆம்புலன்ஸ்கள் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தன. எல்லோரும் கைதட்டினார்கள்.

மேலாளரும் தட்டினார். சத்தம் வரவில்லை. "எதைம்மா நிறுத்துச்சு?" என்று கேட்டார். அவள் நிமிரவில்லை. வீட்டுக்குப் போன் போட்டார். மனைவி இரண்டு முறை ஹலோ என்றுவிட்டு வைத்துவிட்டாள்.

பொறியாளர் அறிக்கையில் எழுதினாள்: 'ஒன்று நின்றது. யாருக்கும் எந்தப் பாதிப்பும் இல்லை.'