தையல்காரி போட்ட கோடு

சன்னல் வெளிச்சம் மொத்தமும் தையல்காரியின் வெற்று முன்னந்தலையில் விழுந்து மினுங்குகிறது. பத்து வருடமாகக் கொட்டிய முடி எந்த மருந்துக்கும் திரும்பவில்லை. பின்னந்தலை முடியை வேரோடு எடுத்து முன்னால் நடுவதற்கு நாளைக்கு அறுவை சிகிச்சை. முடி எங்கே தொடங்க வேண்டும் என்று டாக்டரம்மா ஊதாப் பேனாவால் கோடு போட்டுக் காட்டுகிறார். உச்சிக்குப் பக்கத்தில், ஏதோ போனால் போகிறதென்று ஒரு கோடு. "அறுபத்திரண்டு வயசுக்கு இது போதும்மா." நாற்காலி நுனியில் இருக்கும் மகன் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறான். "இனிமே உன் தலைய யாரும்மா பாக்கப்போறா?" "தினம் கண்ணாடியில நான் பாக்கறேன்டா. நான் ஒரு ஆளா தெரியலையா உனக்கு?" ஸ்பிரிட் பஞ்சை எடுத்து அந்தக் கோட்டை அழுந்தத் துடைக்கிறாள். மேசையிலிருந்த கைக்கண்ணாடியை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு பேனாவுக்குக் கை நீட்டுகிறாள். "கீழ இறக்கினா பின்னாடி இருக்கிற முடி பத்தாதும்மா" என்கிறார் டாக்டரம்மா. "குறைச்சல் துணியிலதான் நாப்பது வருஷமா தச்சிருக்கேன். ஓரத்துல நெருக்கமா நடுங்க, உள்ள போகப் போக இடைவெளி விட்டு நடுங்க." சட்டைக்குக் கழுத்து வரைந்து பழகிய கை, இரண்டு விரற்கடை கீழே, ஒரே இழுப்பில் ஒரு நெற்றிப்பொட்டிலிருந்து மறு நெற்றிப்பொட்டுக்கு வளைகிறது. டாக்டரம்மா ஸ்கேலை வைத்து இரண்டு பக்கமும் அளக்கிறார். நூலளவும் பிசகில்லை. மகன் கடிகாரத்தை மறந்து அம்மாவின் நெற்றியைப் பார்க்கிறான். "ஃபோட்டோ எடுத்து வச்சுக்கங்க டாக்டரம்மா," என்கிறாள் அவள், பேனாவை மூடியபடி. "நாளைக்கு இதுலேர்ந்து இம்மி மேல போச்சுன்னா, பிரிச்சுத் தைக்கச் சொல்லுவேன்."