ராத்திரி தூங்கினீங்களா?

“ஆம்பளைங்களுக்கு எதுக்கும்மா இந்த மெஷினெல்லாம்? இங்க முடி வெட்டத்தான் வர்றாங்க, ஊசி போட்டுக்க இல்ல!”

சலூன்காரர் கத்திரியால் காற்றை இரண்டு தடவை வெட்டினார். பேசும்போது கூட அவருக்குக் கை சும்மா இருக்காது.

நர்ஸ் அசரவில்லை. கதவோரக் கொக்கியில் ஜிப் போய் ஊக்கு குத்திய ஒரு சாப்பாட்டுப் பை தொங்கியது. அதன் பக்கத்தில் தன் குடையை மாட்டினாள். கொண்டுவந்திருந்த பிரஷர் மெஷினைக் கண்ணாடி முன்னால், பவுடர் டப்பாக்களுக்கு நடுவே வைத்தாள்.

“எங்க ஆஸ்பத்திரில புதன்கிழமைன்னா பொம்பளைங்களுக்கு எல்லாம் இலவசமாப் பாக்கறோம் அண்ணே. பிரஷர், சர்க்கரை, மனசு சரியில்லைன்னா அதுக்கும் ஒரு டாக்டர். கூட்டிட்டு வர்ற ஆம்பளைங்க மட்டும் கேட்டுக்கு வெளியிலயே நிப்பாங்க. ‘நீங்களும் வாங்க’ன்னா, ‘எனக்கு ஒண்ணும் இல்ல சிஸ்டர்’னு வண்டியைத் துடைக்க ஆரம்பிச்சிடுவாங்க.”

“நெஜமாவே ஒண்ணும் இருக்காதும்மா. இதோ, நம்ம ஆபீசரையே பாருங்க.”

சலூன்காரர் காட்டிய நாற்காலியில் ஒருவர் சாய்ந்து கிடந்தார். கழுத்து வரை வெள்ளைத் துணி. முகத்தில் சூடான துண்டு. மூக்குக்கு மட்டும் வழி விட்டிருந்தது.

“பெரிய உத்தியோகம். வேலைக்கு நடுவுல வந்து இப்படிச் சாஞ்சார்னா ஒரு மணி நேரத்துக்கு அசைய மாட்டார். இவருக்கெல்லாம் என்ன கவலை? ராஜா மாதிரி தூங்கறாரு!”

நர்ஸ் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

“எனக்குத் தெரிஞ்ச ஒரு வீடு அண்ணே. அந்த மனுஷனுக்கு வேலை போய் மூணு வாரமாச்சு. வீட்ல சொல்லல. தினமும் குளிச்சு, சட்டைக்கு இஸ்திரி போட்டு, எட்டரைக்குக் கெளம்பிடுவார். ஆறு மணிக்கு, ‘இன்னிக்கு ஒரே வேலை’ன்னுட்டுத் திரும்பி வருவார்.”

“அடப் பாவமே. பொண்டாட்டிக்குத் தெரியாதா?”

“தெரியும். அவர் மேஜையில இருந்த சாமானையெல்லாம் ஆபீஸ்லருந்து ஒரு அட்டைப் பெட்டியில போட்டு வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. அவதான் கையெழுத்துப் போட்டு வாங்கினா. பீரோவில, தன் துணிக்கு அடியில ஒளிச்சு வச்சிருக்கா.”

“கேட்டுட வேண்டியதுதானே?”

“கேட்டா மனுஷன் உடைஞ்சு போயிடுவாரோன்னு பயம். அவர் சொல்ல மாட்டேங்கறார், இவ கேக்க மாட்டேங்கறா. ராத்திரி ரெண்டு பேரும் தூங்கற மாதிரி நடிச்சிட்டுக் கெடக்காங்க. வேலை போனது அவளுக்குப் பெரிசில்ல. ஒத்தையாளா மனசுக்குள்ளயே வச்சுக்கிட்டு அவர் ஏதாவது பண்ணிக்குவாரோன்னுதான் பதறிட்டிருக்கா.”

நாற்காலியின் கைப்பிடியை ஆபீசரின் விரல்கள் இறுகப் பிடித்தன.

“சூடு ஜாஸ்தியா சார்?”

இல்லை என்று துண்டு ஆடியது.

சலூன்காரர் கத்திரியைக் கீழே வைத்தார். அந்தக் கடையில் அது சாதாரணமாக நடக்கிற காரியம் அல்ல.

“இதே நாற்காலிலதாம்மா, போன வருஷம் ஒரு டிரைவர். ‘தூக்கமே வரலண்ணே’ன்னாரு. நான் அவர் தலையைத் தட்டிவிட்டு, ‘கல்யாணம் ஆனவனுக்கு ஏதுய்யா தூக்கம்’னு சிரிச்சேன். அவரும் சிரிச்சாரு. அடுத்த தடவை முடி வெட்ட அவர் வரல. நெஞ்சு வலியாம், போயே போயிட்டாரு. நான் அன்னிக்கு இன்னும் ரெண்டு வார்த்தை கேட்டிருக்கலாம்.”

“அதுக்குத்தான் வந்தேன். பொம்பளைங்களுக்குச் செய்யறதைக் குறைக்கணும்னு சொல்லல. இவங்களையும் சேத்துக் கவனிக்கணும். ஆஸ்பத்திரிக்கு வராதவங்க உங்ககிட்ட தலையைக் குனிஞ்சு குடுக்கறாங்க. ‘என்ன சார் விசேஷம்’னு கேக்காதீங்க, ஒண்ணுமில்லன்னுடுவாங்க. ‘ராத்திரி தூங்கினீங்களா’ன்னு கேளுங்க. சட்டுன்னு பொய் வராது.”

“சரிம்மா, மெஷின் இங்கயே இருக்கட்டும். எப்படிக் கட்டறதுன்னு மட்டும் காட்டிட்டுப் போங்க.”

அவர் கையிலேயே பட்டையைக் கட்டிக் காட்டினாள். கிளம்பும்போது கதவருகே நின்றாள்.

“அந்தப் பொண்டாட்டி மனசுல இருக்கறதையும் சொல்லிடறேன் அண்ணே. வேலை இன்னிக்கு இல்லன்னா நாளைக்குக் கெடைக்கும். ஆள் நல்லா இருந்தாப் போதும் அவளுக்கு.”

கதவு சாத்திக்கொண்டது. சலூன்காரர் துண்டை எடுத்தார். ஆபீசரின் கண்கள் சிவந்திருந்தன. புதிதாகக் கற்ற பாடத்தை அவரிடமே பரீட்சித்துப் பார்த்தார் சலூன்காரர்.

“சார், ராத்திரி தூங்கினீங்களா?”

“இல்லப்பா” என்றார் ஆபீசர். சொல்லிவிட்டு நீளமாக ஒரு மூச்சு விட்டார். பிறகு எழுந்து கொக்கிப் பக்கம் போனார். குடை மட்டும் தொங்கியது. பையைக் காணோம்.

“ஐயையோ! அந்த நர்ஸம்மா குடைக்குப் பதிலா உங்க சாப்பாட்டுப் பையை மாத்தி எடுத்துட்டுப் போயிட்டாங்க சார்!”

சலூன்காரர் வாசலுக்கு ஓடினார். எதிரே மரத்தடிப் பெஞ்சில் நர்ஸ் உட்கார்ந்திருந்தாள். பையின் ஊக்கைக் கழற்றி, டப்பாவைத் திறந்து, பாதிச் சாப்பாட்டை மூடியில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள்.

“அடடா, சாப்பிடவே உக்காந்துட்டாங்களே! நர்ஸம்மா...”

ஆபீசர் கொக்கியிலிருந்து குடையை எடுத்துக்கொண்டார்.

“கூப்பிடாதப்பா. மாத்தியெல்லாம் எடுக்கல. காலையில அதைக் கட்டிக் குடுத்ததே அவதான்.”