செவ்வாய்க்கிழமை சலூன்

செவ்வாய்க்கிழமை விடுமுறையில் மந்தாரக்குப்பத்து சலூன்கள் எல்லாம் மூடியிருக்க, கலியமூர்த்தியின் கடையில் மட்டும் ஷட்டர் பாதி ஏறியிருக்கிறது. சிறப்புக் குழந்தைகளின் அம்மாக்கள் சுரங்க ஊழியர் குவார்ட்டர்ஸிலிருந்து ஒன்றாகப் போய், தங்கள் பிள்ளைகளுக்கென்று கேட்டு வாங்கிய நாள் இது. டிவி ஓடவில்லை, மெஷின் இரைச்சல் இல்லை, கண்ணாடியைத் துண்டு போட்டு மறைத்திருக்கிறார்கள். ஷட்டருக்கடியில் நுழைந்த வெயில் தரையில் நீளமாய்க் கிடக்கிறது. கத்தரியைக் கண்டதும் எட்டு வயது அருள் வீறிட்டு நாற்காலிக்கு அடியில் புகுந்துகொள்கிறான். முதல்முறையாக வந்திருக்கும் அவன் அம்மா தேவயானி பதறி எழுகிறாள். "மன்னிச்சுக்கோங்க, இவன் எப்பவுமே..." பெஞ்சில் காத்திருக்கும் மற்ற அம்மாக்கள் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. "எதுக்குங்க மன்னிப்பு, உக்காருங்க. எம் பொண்ணு போன மாசம் சீப்பையெல்லாம் தெருவுல வீசிட்டா" என்கிறாள் பக்கத்தில் சங்கீதா, ஆடிக்கொண்டே முனகும் மகளின் முதுகைத் தடவியபடி. கலியமூர்த்தி கைலியை ஒதுக்கிக்கொண்டு தரையில் உட்கார்கிறார். "நீ அங்கியே இரு ராசா, நான் வரேன்." நாற்காலிக்கடியில் இருக்கும் திருகாணியை அருள் விரலால் சுற்றிக்கொண்டிருக்கிறான். அவன் காதோரம் கத்தரி ஒருமுறை சத்தமிடுகிறது. விரல் நிற்கிறது, பிறகு மறுபடி சுற்றுகிறது. இதுவரை அவன் தூங்கும்போது மட்டுமே முடி வெட்டிப் பழகிய தேவயானி, பெஞ்சில் நன்றாகச் சாய்ந்து உட்கார்கிறாள். விழித்திருக்கிற மகனின் மடியில் முடி விழுகிறது.