நாற்பத்தேழு ரன்காரன்

தொழிற்சாலை அறிவிப்புப் பலகையைப் பார்த்ததும் லேத்காரருக்கு ரத்தம் கொதித்தது. 'இந்த ஆண்டின் சிறந்த ஆல்ரவுண்டர்' என்ற வரிக்குக் கீழே பேக்கிங் பிரிவு நெட்டையின் பெயர் இருந்தது.

இது என்ன அக்கிரமம்? ஏழு ஆட்டத்தில் லேத்காரர் எடுத்தது இருநூற்றுப் பன்னிரண்டு ரன், பதினான்கு விக்கெட். அதுவும் வீங்கிய முட்டியில் பட்டை கட்டிக்கொண்டு, நின்ற இடத்திலிருந்தே சுழற்பந்து போட்டு. நெட்டை எடுத்தது நாற்பத்தேழு ரன், ஐந்து விக்கெட். எது பெரிசு என்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளையைக் கேட்டால்கூடச் சொல்லிவிடும்.

தாளைப் பிய்த்துக்கொண்டு டூல் ரூமுக்கு நடந்தார். நடந்தார் என்ன, நொண்டினார். அணியின் கேப்டனான போர்மேன் அங்கே வெர்னியரால் ஒரு போல்ட்டை அளந்துகொண்டிருந்தார்.

"ஆல்ரவுண்டர்னா யாரு சார்?"

போர்மேன் நிமிரவில்லை. "நீங்களே சொல்லுங்க."

"ஒருத்தன்கிட்டருந்து பேட்டை எடுத்துட்டா பந்துக்காக அவனை டீம்ல வச்சுக்கணும். பந்தை எடுத்துட்டா பேட்டுக்காக வச்சுக்கணும். ரெண்டுலயும் அரைகுறையா இருக்கறவன் ஆல்ரவுண்டர் இல்ல."

"சரியாத்தான் சொல்றீங்க. நெட்டைகிட்ட ரெண்டையும் எடுத்துட்டாலும் நான் அவனை டீம்ல வச்சுக்குவேன்."

லேத்காரருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பதினாறு வருஷமாக ஆடுகிறார். இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்று டாக்டரும் சொல்லியாயிற்று. வீட்டில் மனைவி அலமாரியின் மேல்தட்டைத் துடைத்துக் கோப்பைக்கு இடம் ஒழித்து வைத்திருக்கிறாள். பரிசளிப்பு விழாவுக்கு மச்சான் குடும்பத்தோடு வருகிறான். அவன் முகத்தில் எப்படி விழிப்பது?

மனசில் இருந்ததை எல்லாம் கொட்டினார். நெட்டை கேப்டனுக்கு ஜால்ரா போடுகிறான் என்றார். போன வருஷம் தனக்குப் பின்னால் ஐந்தாவது ஆளாக இறங்கி ஒழுங்காக முன்னூறு ரன் எடுத்தவனுக்கு, இந்த வருஷம் முதல் ஆளாக இறங்கும் பேராசை வந்துவிட்டது என்றார். புதுப் பந்தை ஆடத் தெரியாமல் ஒவ்வொரு தடவையும் பத்து நிமிஷத்தில் திரும்பி வந்தான், அந்தப் பேராசைக்குத்தான் பரிசா என்று கேட்டார்.

போர்மேன் வெர்னியரைப் பெட்டிக்குள் வைத்தார்.

"நீங்க அடிச்சதுல பவுண்டரி போக மிச்ச ரன்னை ஓடினது யாரு?"

"அவன்தான். முட்டி போனவனுக்கு ரன்னர் வச்சுக்கலாம்னு நம்ம போட்டியில விதியே இருக்கு. எவனாவது ஒருத்தன் ஓடத்தானே வேணும்? அடிச்சது நான் சார்."

"எவன் வேணாலும் ஓட முடியாது. விதியை முழுசாப் படிச்சீங்களா?"

படிக்கவில்லை. போர்மேன் மேஜை டிராயரிலிருந்து விதித் தாளை எடுத்து நீட்டினார். ரன்னராக ஓடுபவர் அன்றைய ஆட்டத்தில் ஏற்கெனவே பேட் பிடித்து அவுட் ஆனவராக இருக்க வேண்டும் என்று அதில் அச்சாகியிருந்தது.

லேத்காரர் அதை இரண்டு தடவை படித்தார். தான் இறங்குவது நாலாவது ஆளாக. தனக்கு முன்னால் இறங்கும் மற்ற இரண்டு பேரும் தொப்பைக்காரர்கள், தங்கள் ரன்னை ஓடவே மூச்சு வாங்குகிறவர்கள்.

பிய்த்த தாள் கையில் கசங்க, "அப்போ அவன் முதல்ல இறங்கினது எதுக்கு சார்?" என்று கேட்டார்.

"நீங்க கேட்டதால சொல்றேன், உங்க காதுக்குப் போகக் கூடாதுன்னு அவன் சொல்லியிருந்தான்," என்றார் போர்மேன். "வருஷ ஆரம்பத்துல, முட்டி போனவரை டீமை விட்டு எடுத்துடலாம்னு எல்லாரும் கை தூக்கினோம், நானும்தான். நெட்டை மட்டும், 'அண்ணனுக்கு இது கடைசி வருஷம் சார், என்னை முதல்ல இறக்கி விடுங்க, நான் அவுட்டாகி வந்து அவருக்கு ஓடறேன்'னு வந்து நின்னான்."