வளைகாப்பு முடியட்டும்

பதினொரு நாட்களாகச் சுகந்திக்கு உள்ளங்கையும் பாதமும் அரித்தன. தோலில் ஒரு தடிப்புகூட இல்லை. “பிள்ளைக்கு முடி மொளைக்குதுடி, அதான்” என்று மாமியார் சிரித்தார்.

வளைகாப்பு முடிந்த மறுநாள், கை நிறைய வளையல்களோடு பரிசோதனைக் கட்டிலில் படுத்திருந்தாள். டாக்டர் குழந்தையின் இதயத்துடிப்பை வெகுநேரமாகத் தேடிக்கொண்டிருந்தார்.

“ஈரல் கோளாறுன்னா இப்படித்தான் அரிக்கும். குழந்தைக்கு ஆபத்துமா. போன வாரம் எழுதிக்கொடுத்த ரத்த டெஸ்ட் ரிசல்ட் எங்க?”

“இன்னும் வரலைன்னு இவர் சொன்னாரே.”

டாக்டர் அவள் கணவன் முரளியைப் பார்த்தார். அவன் தரையைப் பார்த்தான். சுகந்தி கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தாள்.

“என்னைப் பாத்து சொல்லுங்க.”

“ரிசல்ட் வந்து ஆறு நாளாச்சு. உடனே டாக்டரைப் பாக்கணும்னு லேப்லேந்து போனும் பண்ணாங்க. எல்லாரையும் கூப்பிட்டாச்சே, வளைகாப்பு முடியட்டும்னு நான்தான் சொல்லலை.”