இசை முடிந்த பிறகு நான்கு வரிகள்

குவோப்பியோ நகரில் ஒரு மதுக்கூடத்தின் கரோக்கி மேசையைச் சாகும்வரை என்சியோதான் பார்த்துக்கொண்டார். பாட்டைக் கேட்டபடியே விசையைத் தட்டி, வரிக்கு வரி நேரம் பதிப்பார். மனைவி ஹில்லா மூச்சு இழுத்துக்கொள்ளட்டும் என்று ஒவ்வொரு வரியையும் சற்று முன்னாலேயே திரையில் வரவைப்பார்.

அந்தப் பழைய கோப்புகளைப் புது இயந்திரத்துக்கு மாற்றும் வேலை மகள் சில்யாவின் தலையில் விழுந்தது. சதுர அடைப்புக்குள் இருக்கும் நேரத்தையும் அதையடுத்த வரியையும் பிரித்தெடுக்க, எழுத்துகளின் அமைப்பைப் பார்த்துத் தேடும் கட்டளையான ரெஜெக்ஸ் ஒன்றை எழுதினாள். எல்லாப் பாட்டும் ஒழுங்காகப் பிரிந்தது. அம்மா பாடும் டாங்கோ பாட்டில் மட்டும் கடைசி நான்கு வரிகள் இரண்டு முறை இருந்தன. இசை மூன்றரை நிமிடத்தில் முடிந்துவிடும். இரண்டாம் முறைக்கான நேரமோ நாலரையில் தொடங்கியது.

"அப்பா தூங்கி வழிஞ்சிருக்காரும்மா. ரெண்டாவது தடவை வர்றதைத் தூக்கிடறேன்."

"கைய வெச்சே, பாரு! அந்த மனுஷன் காபியைக் கொட்டுவாரு, நேரத்தைக் கோட்டை விடமாட்டாரு."

சனிக்கிழமை மதியம், அவர் போன பிறகு முதன்முறையாக ஹில்லா மைக்கைப் பிடித்தாள். கடைசி நான்கு வரிகள் வந்ததும் பாடுவதை விட்டு மைக்கைத் தாழ்த்தினாள். அவள் இல்லாமலே வரிகள் ஓடி மறைந்தன. இசையும் முடிந்தது. யாரும் கை தட்டவில்லை. வெறுந்திரையைப் பார்த்தபடி அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்தாள், மூக்கைச் சிந்தினாள். அடுத்த பாட்டுக்கு மாற்றப்போன சில்யாவின் கை, இயந்திரத்தில் நேரம் நாலரை நிமிடத்தை நெருங்குவதைக் கண்டு அப்படியே நின்றது. ஹில்லா நிமிர்ந்தாள்.

திரையில் அந்த நான்கில் முதல் வரி வந்தது. அவள் மூச்சு இழுத்துக்கொள்ளட்டும் என்று, சற்று முன்னாலேயே.